சிதம்பரம் குற்றவாளியா?

பூமணியின் ‘வெக்கை’ நாயகனை நாம் மன்னித்துவிட்டோம். நம் ஊரில் பிடிபடும் சிறுவனை?

ஊர் அடங்கும் நேரம். தெரு இருட்டில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பதுங்கி நிற்கிறான். கையில் அரிவாள். துணைக்கு நாட்டு வெடிகுண்டும் வைத்திருக்கிறான். அண்ணனைக் கொன்றவன் இந்த வழியாகத்தான் வருவான் என்று அவனுக்குத் தெரியும். கொல்வது அவன் திட்டம் இல்லை. ஒரு கையைத் துண்டாக்கிவிட வேண்டும், ஆயுசுக்கும் அந்த ஆள் ஒற்றைக் கையோடு ஊருக்குள் நடமாட வேண்டும், அவ்வளவுதான். ஆள் வருகிறான். பையன் பாய்கிறான். குறி தவறுகிறது. வடக்கூரான் சாய்கிறான். பையன் இருட்டுக்குள் ஓடுகிறான்.

1982-இல் வெளியான ‘வெக்கை’ நாவலின் சிதம்பரம் இவன். கோவில்பட்டிக்கு அருகே ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி எழுதிய இரண்டாவது நாவல். 2019 அக்டோபரில் வெற்றிமாறன் இயக்கத்தில் ‘அசுரன்’ படமாக வந்தபோது, நாவலைப் படிக்காத லட்சக்கணக்கானவர்களும் சிதம்பரத்தைத் தெரிந்துகொண்டார்கள். அரங்கில் யாரும் அவனைக் கொலைகாரன் என்று சொல்லவில்லை. அவன் தப்பிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் தவித்தோம்.

அதே நாம், ஒரு பள்ளி மாணவன் கத்தியோடு பிடிபட்டான் என்ற செய்தி போனில் வந்து விழும்போது வேறு ஆளாகிவிடுகிறோம். ஓசூர் பேருந்து நிலையத்திலும் போச்சம்பள்ளி சந்தையிலும் பாரூர் ஏரிக்கரை டீக்கடையிலும் அப்போது ஒரே பேச்சுதான்: “பதினெட்டு ஆகலைன்னா மூணு வருஷத்துல வெளியே வந்துடுவான். இதெல்லாம் ஒரு சட்டமா?”

கதையில் ஒரு சிறுவனின் குற்றத்தை எடைபோடும்போது நம்மிடம் இருக்கும் பொறுமை, நிஜத்தில் ஏன் இல்லாமல் போகிறது? இளங்குற்றவாளிகள் பற்றிய எல்லா வாதங்களுக்கும் அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது.

எட்டு நாள் கூட நடந்தோம்

‘வெக்கை’யைத் துப்பறியும் நாவல் போல வாசிக்க முடியாது. கொலையாளி யார் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. மிச்ச நாவல் முழுக்க அப்பாவும் மகனும் மலையிலும் காட்டிலும் தலைமறைவாகத் திரியும் எட்டு நாட்கள். பசிக்கிறது, எதையாவது தேடிச் சமைத்துத் தின்கிறார்கள். பையனுக்குத் தூக்கம் வருகிறது. ஆத்தாளை நினைத்துக்கொள்கிறான். செத்துப்போன அண்ணன் நினைவில் வந்துகொண்டே இருக்கிறான்.

பூமணி எந்த இடத்திலும் பையனுக்காக வக்காலத்து வாங்கவில்லை. நிலத்தை விட்டுக்கொடுக்க மறுத்த குடும்பம் இது. அதற்காக மூத்த மகன் கொல்லப்பட்டான். சட்டம் அந்தக் கொலையைக் கண்டுகொள்ளவில்லை. இவையெல்லாம் துண்டு துண்டாக, அப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் பேச்சில்தான் வருகின்றன. அறிவுரை இல்லை, அழுகைக் காட்சி இல்லை. ஆனால் புத்தகத்தை மூடும்போது வாசகரின் தீர்ப்பு தயாராக இருக்கிறது: செய்தது இவன்தான், ஆனாலும் பழி முழுவதையும் இவன் தலையில் வைக்க முடியாது.

இதில் இரண்டு கேள்விகள் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். செய்தானா என்பது ஒன்று. செய்ததற்கு அவன் எவ்வளவு பொறுப்பு என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஒரு சாட்சி போதும். இரண்டாவதற்குப் பூமணிக்கு ஒரு நாவல் தேவைப்பட்டது.

நாவலின் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. அது வடக்கூரானின் வீட்டுக்குள் போகவே இல்லை. அங்கே அழுதவர்கள் யார், அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரியாது. சிதம்பரத்தின் கண் வழியாக மட்டும் பார்க்கும் கதையில் அதற்கு இடமில்லை என்பது சரிதான். ஆனால் நீதி வழங்குகிறவர் இரண்டு வீட்டுக்கும் போக வேண்டியவர். அந்த வேலையை வாசகர்தான் செய்தாக வேண்டும்.

படத்தில் அப்பா, நாவலில் மகன்

படம் நாவலிலிருந்து விலகும் இடங்களில் மிக முக்கியமானது முடிவு. ‘அசுரன்’ படத்தில் அப்பா சிவசாமி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போகிறார். மகனிடம் படிக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். தனுஷுக்குத் தேசிய விருது கிடைத்த நடிப்பு. கண் கலங்காமல் பார்க்க முடியாது. நாவலிலோ அப்பாவும் மகனும் சேர்ந்தே சரணடையப் போகிறார்கள். பையன் செய்த காரியம் பையனுடையதாகவே இருக்கிறது.

நாவலின் முடிவுதான் கடினமானது, நேர்மையானதும்கூட என்பது என் கருத்து. பெற்றவர் பழியை ஏற்றுக்கொண்டால் நமக்கு நிம்மதி. சிறுவனின் குற்றத்தைப் பற்றி யோசிக்கும் பாரம் இறங்கிவிடுகிறது. பூமணி அந்தப் பாரத்தை இறக்கவிடவில்லை. பதினைந்து வயதில் ஒருவன் தன் செயலுக்குப் பதில் சொல்ல வரலாம், வரவும் வேண்டும். ஆனால் அவனிடம் பதில் கேட்கும் இடம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற கேள்வியோடு நம்மை நிறுத்துகிறார்.

பாரூரில் நடந்திருந்தால்?

ஒரு கற்பனைக்காக, சிதம்பரத்தைக் கரிசல் காட்டிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அழைத்து வருவோம். தென்பெண்ணைத் தண்ணீர் நெடுங்கல் தடுப்பணையிலிருந்து வந்து நிரம்பும் பாரூர் பெரிய ஏரி. அதன் ஆயக்கட்டில் ஒரு துண்டு நிலம், அதற்கு ஒரு தகராறு. நிலத்துக்கான கோபம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. ஓசூரைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் விரிய விரிய நிலத்தின் விலையும் அதன் மீதான சண்டையும் ஏறிக்கொண்டே வந்திருக்கின்றன. உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கத்து விவசாயிகள் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்துப் போராடியதை இந்த ஊர்க்காரர்கள் நேரில் பார்த்தவர்கள்.

இன்றைய பாரூரில் சிதம்பரம் சரணடைந்தால் என்ன நடக்க வேண்டும்? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதை வரிசையாகச் சொல்கிறது. அவனைக் காவல் நிலைய லாக்கப்பில் அடைக்கக் கூடாது, சிறைக்கும் அனுப்பக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவர் இருப்பார். கூடவே இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். வழக்கமான நீதிமன்ற வளாகத்தில் குழுமம் அமரக் கூடாது என்பதும் விதி. கூண்டு, சீருடைக் காவலர், தலையை மூடிய துண்டு என்று சினிமாவில் பார்த்த எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

அடுத்து வருவது வயது. சிதம்பரத்துக்குப் பதினைந்து. செய்தது கொலையே என்று நிரூபணமானாலும், பெரியவர்களைப் போல அவனை விசாரிக்கச் சட்டத்தில் வழியே இல்லை. அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் சிறப்பு இல்லம். அங்கே படிப்பு, தொழிற்பயிற்சி, மனநல ஆலோசனை. வெளியே வந்த பிறகு அந்தத் தீர்ப்பு அவன் வேலைக்கோ படிப்புக்கோ தடையாக நிற்கக் கூடாது.

இதே காரியத்தைப் பதினாறு வயது முடிந்த மறுநாள் செய்திருந்தால் கதையே வேறு. 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்தவர்களுக்கு 15-ஆம் பிரிவு ஒரு தனிப் பாதை வைத்திருக்கிறது. குழுமம் முதலில் ஒரு பூர்வாங்க மதிப்பீடு செய்யும். குற்றத்தைச் செய்யும் உடல், மனத் திறன் இந்தப் பையனுக்கு இருந்ததா? விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா? எந்தச் சூழலில் செய்தான்? இந்த மூன்றுக்கும் விடை தேடிய பிறகு, பெரியவரைப் போல விசாரிக்க வேண்டும் என்று குழுமம் கருதினால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அப்போது ஆயுள் தண்டனையும் வரலாம். ஆனால் தூக்கோ, வெளியே வர வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது.

■ பெட்டிச் செய்தி: வயது என்ன சொல்கிறது?

• 7 வயதுக்குக் கீழ்: எதைச் செய்தாலும் குற்றமாகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

• 7 முதல் 12 வரை: செய்ததன் தன்மையைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லாத குழந்தை என்றால் குற்றமாகாது.

• 16 வரை: எந்தக் குற்றமானாலும் இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும்.

• 16 முதல் 18 வரை: குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றங்களுக்கு மட்டும் பூர்வாங்க மதிப்பீடு.

• சிறார்களுக்குத் தனிச் சட்டம் இந்தியாவில் முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான்: 1920-ஆம் ஆண்டு சென்னைக் குழந்தைகள் சட்டம். 1986-இன் மத்தியச் சட்டம் ஆண்களுக்கு வயது வரம்பை 16 என்றும் பெண்களுக்கு 18 என்றும் வைத்தது. 2000-இல் இருபாலருக்கும் 18 ஆனது.

• 2022-இல் நாடு முழுவதும் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. பிடிபட்ட 37,780 பேரில் 78.6 சதவீதம் பேர் 16 முதல் 18 வயதுக்குள் இருந்தவர்கள். (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்)

கையா, உயிரா?

சிதம்பரத்துக்குப் பதினாறு முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். குழுமத்தின் முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ஆயுதம் தேடினான், வழி பார்த்தான், நேரம் பார்த்தான், தனியாகவே காரியத்தை முடித்தான். திறன் இருந்தது.

இரண்டாவதில்தான் சிக்கல். கையை வெட்டுவதுதான் நோக்கம் என்றால், அவன் மனத்தில் இருந்த விளைவு வேறு, நடந்தது வேறு. இருட்டில் ஓங்கும் அரிவாள் குறித்த இடத்தில்தான் விழும் என்று நம்பியதே சின்னப் பிள்ளைத்தனம். ஓங்கிய பிறகு உயிர் தப்பும் என்று எந்தப் பெரியவரும் நம்ப மாட்டார். அவன் நம்பினான்.

இந்த இடத்தில் சட்டம் நாவலைவிட நுட்பமாக நடந்துகொள்கிறது. டெல்லியில் ஒரு சிறுவன் ஓட்டிய கார் மோதி ஒருவர் இறந்த வழக்கில், 2020 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. 7 ஆண்டுக் குறைந்தபட்சத் தண்டனை இல்லாத குற்றம், அதிகபட்சத் தண்டனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கொடுங்குற்றம் ஆகாது. கொலையாகாத மரணம் விளைவித்தல் அந்த வகையில்தான் வரும். ஆகவே, “கையைத்தான் வெட்ட நினைத்தேன்” என்று சிதம்பரம் சொல்வதை ஏற்று, இது கொலையாகாத மரணம் என்று முடிவானால், பதினாறு தாண்டியிருந்தாலும் அவனைப் பெரியவராக விசாரிக்க முடியாது. அந்த ஒரு வரியை அவனிடமிருந்து யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள், எப்படி எழுதி வைக்கிறார்கள் என்பதில் அவனுடைய வாழ்நாளே தொங்குகிறது.

2022 ஜூலை 13 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு இதற்கு மேலும் வெளிச்சம் தருகிறது. 2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு தனியார் பள்ளிக்குள் ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கு அது. விளைவு என்பது உடனடியாக நடப்பது மட்டும் இல்லை. இறந்தவரின் குடும்பம், தன் குடும்பம், தன் எதிர்காலம் என்று தூரத்தில் இருப்பவற்றையும் அந்தச் சிறுவன் அறிந்திருந்தானா என்று பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். குழுமத்தில் குழந்தை உளவியல் தெரிந்தவர் இல்லை என்றால், நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றும் சொன்னது. வடக்கூரான் வீட்டைப் பற்றி நாவல் கேட்காத கேள்வி இங்கே கேட்கப்படுகிறது.

அந்த வழக்கில் நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மாநிலக் காவல்துறை முதலில் பிடித்தது பள்ளிப் பேருந்தின் நடத்துநரை. நாடே அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. பிறகு விசாரித்த சி.பி.ஐ., அதே பள்ளியின் பதினாறு வயது மாணவனைப் பிடித்தது. முதல் கேள்வியிலேயே, ‘செய்தானா’ என்பதிலேயே, நாடு தவறியது.

நாம் நேசிக்காத சிறுவன்

சிதம்பரத்தை மன்னிப்பது எளிது. அவன் ஒடுக்கப்பட்டவன்; அவன் வீட்டில் ஒரு பிணம் விழுந்திருக்கிறது; அவன் கூடவே நாம் நடந்திருக்கிறோம். நமக்கு நிஜமான சோதனை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வந்தது. கூடப் படித்த பட்டியலின மாணவனை இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள் சக மாணவர்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. வெட்டியவர்களும் பதினெட்டு நிரம்பாத சிறுவர்கள்தான். அவர்கள் கையிலும் அரிவாள்தான். ஆனால் சிதம்பரத்தின் அரிவாள் மேலே நோக்கி ஓங்கப்பட்டது; இவர்களுடையது கீழே நோக்கி.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியம். சூழலை எடைபோடும் யாருக்கும் அது முக்கியமாக இருந்தே ஆக வேண்டும். அநீதிக்கு ஆளான கோபமும், அடக்கியாளும் திமிரும் ஒரே தட்டில் நிற்காது. ஆனால் அந்தத் திமிர் ஒரு பதினேழு வயதுப் பையனுக்குள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அதற்காக விட்டுவிட முடியாது. கையில் சாதிக்கயிறு கட்டிவிட்டவர் யார்? வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசினார்கள்? பள்ளியில் எல்லோரும் பார்த்தும் பார்க்காமல் இருந்தது ஏன்? தமிழக அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை பள்ளி, கயிறு, ஆசிரியர், ஊர் என்று அந்தச் சிறுவர்களைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் பற்றிப் பேசியது. வெட்டுப்பட்ட மாணவன் அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வெழுதித் தேறினான். அவனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் முதலில் தீர வேண்டும். வெட்டிய சிறுவர்களைப் புரிந்துகொள்வது அந்தக் கடனைக் குறைத்துவிடாது.

மறுபக்கம் பணம். 2024 மேயில் புனேயில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி அவனுக்கு ஜாமீன் கிடைத்தபோது நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. ஆனால் கொதித்தவர்கள் பலர் கேட்டது, ஏழைப் பையனுக்கும் இதே பொறுமை கிடைக்க வேண்டும் என்று இல்லை. இவனையும் சிறையில் தள்ள வேண்டும் என்றுதான். 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டு வன்புணர்வுக் கொடூரத்துக்குப் பிறகும் இதுவே நடந்தது. குற்றவாளிகளில் ஒருவன் பதினெட்டுக்குச் சில மாதங்கள் குறைவு. அவன் மூன்றாண்டு முடிந்து 2015 டிசம்பரில் வெளியே வந்த சில நாட்களுக்குள் புதிய சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியது. 15-ஆம் பிரிவின் வேர் அங்கே இருக்கிறது.

“மூணு வருஷம்தானே?”

மூன்றாண்டு என்பது விடுமுறை போல என்று நினைப்பவர்கள் செங்கல்பட்டைக் கேட்க வேண்டும். 2022 டிசம்பர் 31 அன்று, அங்குள்ள அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த பதினேழு வயதுச் சிறுவன் இறந்தான். பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்டவன். இல்ல ஊழியர்கள் அடித்ததில் இறந்தான் என்று ஆறு பேர் கைதானார்கள். இல்லங்களின் நிலையை ஆராயும் பொறுப்பும் நீதியரசர் சந்துருவிடமே போனது; 2023 நவம்பரில் அந்த அறிக்கை வந்தது. சட்டப் புத்தகத்தில் சிறுவனுக்குக் காட்டிய கருணை, கதவுக்குப் பின்னால் அடியாக மாறினால் அதற்குப் பெயர் சீர்திருத்தம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பதினெட்டு ஆகாதவனுக்குத் தண்டனை குறைவு என்பதைக் கணக்குப் போட்டு, சிறுவர்களை முன்னே தள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான விதி சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது: குழந்தைகளைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு 83-ஆம் பிரிவின் கீழ் ஏழாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் அபராதம். சிறுவன் பிடிபடும்போதெல்லாம் ‘வயதைக் குறை’ என்று குரல் எழுப்புகிறோம். அவனை அனுப்பிய ஆள் எங்கே என்று அதே சத்தத்தில் கேட்பதில்லை.

■ பெட்டிச் செய்தி: கதைகளில் நிற்கும் சிறுவர்கள்

• பிங்கி, 17 வயது (‘பிரைட்டன் ராக்’, கிரஹாம் கிரீன், 1938): ரவுடிக் கும்பலின் தலைவன். பாவம், நரகம் என்று எல்லாவற்றையும் நம்பியும் கொல்கிறவன்.

• ஜோசஃபின், 12 வயது (‘க்ரூக்கட் ஹவுஸ்’, அகதா கிறிஸ்டி, 1949): அந்த வயதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதுதான் கதையின் முடிச்சே.

• ரோடா, 8 வயது (‘தி பேட் சீட்’, வில்லியம் மார்ச், 1954): தீமை ரத்தத்தில் வருகிறது என்ற எண்ணத்தின் மீது கட்டப்பட்ட கதை.

• ஜேமி, 13 வயது (‘அடலசன்ஸ்’, தொடர், 2025): செய்தது இவன்தான் என்று முதல் பகுதியிலேயே காட்டிவிட்டு, ஏன் என்று மட்டும் கேட்கிறது.

பிறவியிலேயே கெட்டது என்று சிறுமியைக் காட்டிய ரோடா கதையிலிருந்து, வீட்டையும் பள்ளியையும் போனையும் விசாரிக்கும் ஜேமி கதைக்கு வர மேற்குலகுக்கு எழுபது ஆண்டுகள் ஆயின. பூமணி 1982-இலேயே சிதம்பரத்தின் ஊரை விசாரணைக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

பதினைந்து நாளில் எழுதும் கதை

நிஜச் சிறுவனுக்குப் பூமணி கிடைக்க மாட்டார். அவனுக்குக் கிடைப்பவர் நன்னடத்தை அலுவலர். சிறுவன் முதன்முதலில் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அவர் ஒரு சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். குடும்பம், வருமானம், படிப்பு, பள்ளியை விட்டதன் காரணம், நண்பர்கள், பழக்கங்கள், வீட்டில் வன்முறை, மனநிலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘எவ்வளவு பொறுப்பு’ என்ற இரண்டாவது கேள்விக்கு, குழுமத்தின் மேசையில் இருக்கும் முதன்மையான ஆதாரம் அந்த அறிக்கைதான். நல்ல அறிக்கை என்றால் குழுமத்துக்கு ஒரு ‘வெக்கை’ கிடைக்கும். கட்டம் நிரப்பிய அறிக்கை என்றால் ‘படிப்பை நிறுத்தியவன், கெட்ட சகவாசம்’ என்ற இரண்டு வரிதான் கிடைக்கும்.

எங்கள் எல்லைப்புறத்தில் இந்த அறிக்கையை எழுதுவது வேறெங்கும்விடக் கடினம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். கிருஷ்ணகிரி நகரின் தெருக்களில் உருது கேட்கிறது. ஓசூர் சிப்காட்டைச் சுற்றிய வாடகை அறைகளில் இந்தி, ஒடியா, வங்காளம். நடுங்கிப்போயிருக்கும் பதினைந்து வயதுப் பையன் தனக்கு நடந்ததைத் தாய்மொழியில்தான் முழுதாகச் சொல்ல முடியும். “கையைத்தான் வெட்ட நினைத்தேன்” என்பதற்கும் “வெட்ட நினைத்தேன்” என்பதற்கும் நடுவில் உள்ள தூரம், மொழி தெரியாதவரின் பேனாவில் ஒரு நொடியில் காணாமல் போகும்.

வயதை நிரூபிப்பதும் இங்கே எளிதில்லை. பள்ளிச் சான்றிதழ் முதலில், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை என்கிறது 94-ஆம் பிரிவு. பிறந்த தேதிக்கு ஆதார் அட்டை போதுமான சான்று ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பீகாரிலோ ஒடிசாவிலோ நான்காம் வகுப்போடு நின்ற பையனுக்கு அந்தப் பள்ளிச் சான்றிதழை யார் போய் வாங்கி வருவது? பதினைந்தா பதினாறா என்பதில் ஆயுள் தண்டனையே ஒளிந்திருக்கும்போது, அந்தக் காகிதத்துக்கு ஆள் அனுப்புவது அரசின் வேலை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, வேறு மாநிலம், வேறு குழுமம். சிறுவனை அவன் வீடு இருக்கும் இடத்துக்கு மாற்றச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழி காகிதத்தில் தூங்காமல் இருக்க, இரண்டு மாநில அலுவலர்களும் ஒருவரையொருவர் தொலைபேசியிலாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு உடனடியாகத் தேவைப்படுபவை பெரிய சட்டத் திருத்தங்கள் இல்லை. கன்னடமும் தெலுங்கும் உருதும் இந்தியும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் குழுமத்துக்குக் கூப்பிட்ட உடனே வர வேண்டும். நன்னடத்தை அலுவலருக்குச் சிறுவனின் வீடு வரை போய் வர வண்டியும் நேரமும் வேண்டும். குழந்தை உளவியல் நிபுணர் ஒருவர் குழுமத்தோடு நிரந்தரமாக இருக்க வேண்டும். எட்டு நாள் ஒரு சிறுவனோடு நடந்து அவனைப் புரிந்துகொண்ட தமிழ் வாசகர்கள், தங்கள் மாவட்டத்தில் இதைக் கேட்க முழு உரிமை உள்ளவர்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒரு சிறுவன் பிடிபட்ட செய்தி படத்தோடும் பெயரோடும் உங்கள் போனுக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவது 74-ஆம் பிரிவின் கீழ் குற்றம்; ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறுவனைக் காவல் நிலையத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள். வழக்கறிஞருக்குக் காசில்லாத பெற்றோரிடம் 15100 என்ற எண்ணைச் சொல்லுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும்.